டோல்ட்டா, ஸ்கெய்தா? ஐஸ்லாந்துக் குதிரை நடையை இனங்காண உதவி தேவை

வட ஐஸ்லாந்தின் ஸ்காகாஃபியோர்டூரில் நான் பழக்கிவரும் ஏழு வயதுப் பெண்குதிரையின் ஒரு நடையை என்னால் உறுதியாகப் பெயரிட முடியவில்லை. இடது பின்கால், இடது முன்கால், வலது பின்கால், வலது முன்கால் எனச் சம இடைவெளியில் நான்கு அடிகள் விழுந்தால் டோல்ட். ஒரு பக்கத்துக் கால்கள் இணைந்து விழுந்து, இடையே உடல் அந்தரத்தில் எழுந்தால் ஸ்கெய்த். இதுவோ, கோடைத் தொடக்கத்திலிருந்து, வேகம் கூடும்போதெல்லாம் பக்கக் கால்களை ஏறக்குறைய சேர்த்தே வைக்கிறது, ஆனால் தரையை விட்டு எழுவதேயில்லை.

வலப்பக்கக் கால்களில் வண்ணப் பட்டை கட்டி, வேகம் குறைத்த காணொளியில் பார்த்தேன். சரளைப் பாதையில் குளம்போசை நான்காகத்தான் கேட்கிறது, எனினும் இரண்டிரண்டாக நெருங்கி ஒலிக்கிறது. லாடம் மாற்றியும், வேறொருவரை ஏற்றிப் பார்த்தும் மாற்றமில்லை. நல்ல குதிரை, தவறான பெயரிட்டுத் தவறாகப் பழக்கிவிட எனக்கு மனமில்லை.

இதை ஸ்கெய்த் பக்கம் சாய்ந்த டோல்ட் என்று கொள்வதா, முழுமையடையாத ஸ்கெய்த் என்று கொள்வதா?