அண்ணனுக்கு விரல் போய் இரண்டு வருடம் ஆகப் போகிறது, இழப்பீட்டு மனுவுக்குக் கடைசி நாள் எது?

தேனித் தம்பி (2025 பிப்ரவரி 20):
அண்ணன் கோவையில் ஒரு பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். மொத்தமே ஏழு பேர், இ.எஸ்.ஐ. கிடையாது. 2023 மார்ச் 14 அன்று பீஸை எடுக்கக் கை விட்ட நேரத்தில் பிரஸ் இன்னொரு அடி இறங்கி, வலது கையில் கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே இருந்த மூன்று விரலும் அடியோடு போய்விட்டன. அப்போது வயது 35, சம்பளம் மாதம் 16,000. ஆஸ்பத்திரி பில்லை ஓனரே கட்டினார், "கேஸெல்லாம் வேண்டாம்ப்பா, நானே பார்த்துப் பண்றேன்" என்றார். இப்போது போனே எடுப்பதில்லை. ஊனச் சான்றிதழ் போன மாதம்தான் கைக்கு வந்தது. இரண்டு வருடக் கெடுவை அந்தத் தேதியிலிருந்துதானே எண்ண வேண்டும்?

பீளமேடு பாய்:
ஆமாம் நண்பா, சர்டிபிகேட் தேதிதான் கணக்கு. நிதானமாகப் போடுங்கள்.

கோர்ட்டு வாசல்:
பாய் சொல்வதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். 1923 தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், பிரிவு 10: விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டு வருடம். உங்களுக்கு இன்னும் மூன்று வாரம்தான். தாண்டினாலும் தகுந்த காரணம் காட்டினால் இந்த மனுக்களை விசாரிக்கும் ஆணையர் ஏற்கலாம், ஆனால் "ஓனர் தருகிறேன் என்றார்" என்பதை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

அப்புறம், சான்றிதழுக்காகக் காத்திருந்ததே வீண். எந்த உறுப்பு போனால் சம்பாதிக்கும் திறனில் எத்தனை சதவீதம் இழப்பு என்று சட்டத்தின் முதல் அட்டவணையிலேயே இருக்கிறது. ஒரு கையில் மூன்று விரல் என்றால் 30. 2020 முதல் சம்பள உச்சவரம்பு 15,000, அதில் 60% என்றால் 9,000. 35 வயதுக்குச் சட்டம் தரும் பெருக்குக் காரணி 197.06. பெருக்கி 30% எடுத்தால் 5,32,062 ரூபாய். ஒரு மாதத்துக்குள் தராததால் 12% வட்டி தனி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்திருந்தால் 50% வரை அபராதமும் போடலாம். ஆஸ்பத்திரிக்குக் கட்டியதை இதில் கழிக்க முடியாது.

தேனித் தம்பி:
ஐந்து லட்சமா! சார், ஒரு விஷயம் சொல்லவில்லை. போன வருடம் 40,000 கொடுத்து, இனி எதுவும் கேட்க மாட்டேன் என்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்.

கோர்ட்டு வாசல்:
உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தருவது பிரிவு 17-இன்படி செல்லாது. ஒப்பந்தம் என்றால் ஆணையரிடம் பதிவாகியிருக்க வேண்டும், இவர் அதைச் செய்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. 40,000-ஐக் கழிக்கச் சொல்லி வாதாடுவார், அது பெரிய விஷயமில்லை.

பழைய யூனியன்காரன்:
தம்பி, கோவைக்கு அலைய வேண்டாம், அண்ணன் இப்போது குடியிருக்கும் ஏரியாவுக்கான ஆணையரிடமே போடலாம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "பவர் பிரஸ்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், அரசு ஆஸ்பத்திரிக்கு முதலில் போயிருந்தால் ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். வேலை செய்ததற்கே ஆதாரம் கேட்பார்கள். என் அனுபவத்தில் பாதிக் கேஸ் "இவன் என் ஆளே இல்லை" என்பதில்தான் முட்டும்.

தேனித் தம்பி:
சம்பளம் சனிக்கிழமை கவரில், கையில்தான். ஆனால் லீவு கேட்டு ஓனருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் எல்லாம் பழைய போனில் இருக்கிறது.

பழைய யூனியன்காரன்:
அந்த போனை ரீசெட் பண்ணிவிடாதீர்கள், கூட வேலை பார்த்த ஒருவரையாவது சாட்சிக்குப் பேசி வையுங்கள்.

பீளமேடு பாய்:
நான் சொன்னது தப்பு, மன்னிக்கவும். என் மச்சானுக்கும் இதையேதான் சொல்லித் தொலைத்தேன், இப்போதே கூப்பிடுகிறேன்.

தேனித் தம்பி (மார்ச் 5):
மனு கொடுத்தாச்சு, சீல் போட்ட காப்பி கையில் இருக்கிறது. அண்ணன் இடது கையால் கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார், முத்திரைத்தாளில் இருப்பதும் அதே கோணல்தான். விசாரணைக்கு நோட்டீஸ் வந்ததும் எழுதுகிறேன்.