புதுப்பிப்பு: பழைய நொரிடாகே செட்டுக்கு என்ன விலை சொல்லலாம்?

பெரியம்மாவின் நொரிடாகே (ஜப்பானியப் பீங்கான் நிறுவனம்) சாப்பாட்டுச் செட்டை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். விற்றாகிவிட்டது. பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

தட்டின் அடியில் 'ஸ்ரீ லங்கா' என்ற முத்திரை இருந்தது. அதாவது இலங்கையில் உள்ள அவர்களுடைய மாத்தளைத் தொழிற்சாலையில் செய்தது. அங்கே உற்பத்தி தொடங்கியதே 1970களில்தான். ஆகவே பழம்பொருள் விலை கேட்கவில்லை.

மிகவும் உதவியது, "விளம்பரத்தில் கேட்கும் விலையை விடுங்கள், விற்று முடிந்த விலையைப் பாருங்கள்" என்ற யோசனை. இரண்டுக்கும் பாதிக்குப் பாதி வித்தியாசம்!

அப்புறம் சுண்டிப் பார்க்கும் வேலை. ஒவ்வொரு தட்டையும் விரல் நுனிகளில் ஏந்தி விளிம்பில் சுண்டினேன். நல்லவை மணிபோல் ஒலித்தன. ஒன்று மட்டும் 'டொக்' என்றது. வெளிச்சத்தில் பிடித்தால் விளிம்பிலிருந்து உள்ளே மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதை ஒதுக்கிவிட்டேன்.

தட்டுகளில் இருந்த சாம்பல் நிறக் கோடுகள் கீறல் அல்ல, கரண்டியும் கத்தியும் உரசி ஒட்டிய உலோகம். அப்பச்சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்ததும் போய்விட்டன. தங்க விளிம்பில் மட்டும் படவிடாதீர்கள், பூச்சு உரிந்துவிடும்.

எதிர்பாராதது: தட்டுகளைவிட மூடி போட்ட கறிக்கிண்ணத்துக்குத்தான் போட்டி. வாங்கியவரிடம் இதே பூவேலைச் செட் இருக்கிறதாம், மூடி மட்டும் உடைந்துவிட்டதாம். கிண்ணத்தைத் தனியாகவும் தட்டுகளைச் சேர்த்தும் கொடுத்தேன். பொன் தேய்ந்த கோப்பைகளை யாரும் கேட்கவில்லை.