ஒரு கையால் மாட்டும் ஷூ: வாரை எந்தப் பக்கம் இழுக்க வேண்டும்?

கேள்வி (மும்பை மாட்டுங்கா, வடிவமைப்பு மாணவி)

என் அப்பாவுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த பக்கவாதத்தால் வலது கை பிடிமானத்தை இழந்துவிட்டது. இடது கை விரல்களும் மூட்டு வாதத்தால் விறைத்திருப்பதால், அவரால் எதையும் கிள்ளிப் பிடிக்க முடியாது. விரலைக் கொக்கிபோல் மாட்டி இழுக்க மட்டுமே முடியும். வலது பாதம் தொங்குவதால், கணுக்காலையும் பாதத்தையும் தாங்கிப் பிடிக்கும் ஏஎஃப்ஓ என்னும் பிளாஸ்டிக் காப்பையும் அணிகிறார். வெல்க்ரோ ஷூவில் வார் வளையத்திலிருந்து உருவிக்கொண்டு வந்துவிட்டால், அதை மீண்டும் கோப்பதற்கு அம்மாவைக் கூப்பிட வேண்டும். அப்பாவோ கூப்பிட மாட்டார். ஒரு காலில் ஷூவோடு பேசாமல் உட்கார்ந்திருப்பார்.

பெருமூளை வாதம் உள்ள ஒரு மாணவர் 2012-இல் எழுதிய கடிதத்தின் தூண்டுதலால், நைக்கி நிறுவனம் 2015-இல் குதிகாலைச் சுற்றி ஜிப் வைத்த ஃப்ளைஈஸ் ஷூவைக் கொண்டுவந்தது. 2021-இல், நடுவில் மடங்கித் திறந்து, காலால் மிதித்தால் மூடிக்கொள்ளும் மாதிரியும் வந்தது. என் இறுதியாண்டுத் திட்டத்துக்கு இவற்றில் எதைப் பின்பற்றலாம்?

பதில் 1 (அன்றாட வேலைகளைச் செய்யப் பயிற்சி தரும் செயல்முறை மருத்துவர், சயான்)

உங்கள் அப்பாவுக்கு இரண்டுமே சிரமம் தரும் என்று நினைக்கிறேன். மிதித்து அணியும் ஷூவைக் கழற்றும்போது மறு காலால் குதிகாலை அழுத்த வேண்டும். அதாவது இடது ஷூவைக் கழற்றும் வேலை வலுவற்ற வலது காலின் தலையில் விழும். குதிகால் ஜிப்பை எட்டுவதற்கு அவர் வலப்பக்கமாகக் குனிய வேண்டும், பக்கவாதம் வந்தவர்கள் சாய்ந்து விழுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

காப்பு கணுக்காலை மடங்கவிடாது என்பதால் பாதத்தை நுனி கீழாகச் சாய்த்து நுழைக்க முடியாது. எனவே ஷூவின் மேற்புறம் விரல்களுக்கு அருகில்வரை திறக்க வேண்டும். காப்பின் தகடு மூன்று, நான்கு மில்லிமீட்டர் கனம் இருக்கும். அதற்கு இடம் தர வலது ஷூவின் உள் அட்டையைக் கழற்றும்படி வையுங்கள். இடது ஷூவின் உயரத்தையும் அதற்கேற்பச் சரிசெய்யாவிட்டால் நடை நொண்டும். ஹாஜி அலி அருகேயுள்ள அகில இந்திய உடலியல் மருத்துவ மறுவாழ்வு நிறுவனத்தில் காப்பு செய்பவர்களையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

பதில் 2 (தோல் பட்டறை, தாராவி)

தங்கச்சி, வார் உருவிக்கொண்டு வருவது தையலில் உள்ள குறை. முனையை இரண்டாக மடித்து, உள்ளே தடித்த துண்டு வைத்துத் தைத்தால் அது வளையத்தைத் தாண்டாது. அதே மடிப்பை இரண்டு விரல் நுழையும் காதாக விட்டுவிட்டால், அப்பா கிள்ள வேண்டியதே இல்லை. வெல்க்ரோவின் சொரசொரப்பான கொக்கிப் பக்கம் முனையில் சிறு துண்டாக மட்டும் இருக்கட்டும். வார் முழுதும் வைத்தால் வேட்டியைப் பிடித்து இழுக்கும். மும்பை மழையில் அதில் சேறு அடைந்துகொள்ளும், பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்றை வாசலிலேயே வைத்துவிடுங்கள்.

பதில் 3 (பிறவியிலேயே ஒரு கை உள்ளவன், செம்பூர்)

ஒருவரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். கடையில் கிடைக்கும் வார் ஷூக்கள் பெரும்பாலும் இரு காலிலும் வெளிப்பக்கமாக இழுபடும். இடது கை மட்டும் உள்ளவருக்கு இடது ஷூ எளிது. வலது ஷூவிலோ கையைக் குறுக்கே கொண்டுபோய் வெளியே தள்ள வேண்டும், இழுக்க வராது. ஆகையால் வலது ஷூவின் வாரை உட்பக்கமாக, உடலை நோக்கி இழுபடும்படி மாற்றுங்கள்.

பட்டறைக்காரர்

அப்படி வைத்தால் நடக்கும்போது வலது ஷூவின் வார் முனை இடது ஷூவில் உரசும். வார் உட்பக்கம் வந்தே தீர வேண்டுமென்றால் வாரைக் குறுக்கி, முனை பாதத்தின் மேல் நடுவிலேயே நிற்கும்படி தைக்கலாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. இன்று காலை அப்பாவின் பழைய ஷூவில் வாரைப் பிரித்து, உட்பக்கம் இழுபடும்படி ஊசியால் தற்காலிகமாகத் தைத்துக் கொடுத்தேன்; இரண்டாவது முயற்சியிலேயே இறுக்கிவிட்டார். வார் முனை உரசத்தான் செய்கிறது. அண்ணா, ஞாயிற்றுக்கிழமை காப்பையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வரலாமா?