ஸ்பீட் டெஸ்டில் 40, யூடியூப்பில் 480: யாராவது விளக்குங்களேன்

மரீன்டிரைவ் எழுதியது:

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடி பிளாட். கட்டடத்துக்குள் ஃபைபர் இழுப்பதா வேண்டாமா என்று நிர்வாகக் கமிட்டி இரண்டு வருடமாக யோசித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் எங்களுக்கு எல்லாமே ஒரு சிம்தான். மாதாந்த 'அன்லிமிடெட்' பெக்கேஜ் போட்டு, போனில் ஹொட்ஸ்பொட் திறந்து டிவிக்கும் அதையே கொடுக்கிறேன்.

நல்லூரில் கொடி ஏறிவிட்டால் அம்மாவுக்கு 25 நாளும் காலையில் டிவியில் நேரலை வேண்டும். வாகனத்தில் சுவாமி வெளியே வருகிற நேரம் பார்த்துப் படம் மா கரைத்தது போல் ஆகிவிடுகிறது. நேற்று கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்கிறா: "பிள்ளை, அது வேலா, பூமாலையா?" எனக்கும் தெரியவில்லை.

யூடியூப்பில் படத்தின் தரத்தை 1080 என்று கையால் தெரிவு செய்தால் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. தானாக விட்டால் 480-க்கு இறங்கி ஓடுகிறது. ஸ்பீட் டெஸ்ட் ஓட்டினால் 40 எம்பிபிஎஸ்! போனில்தான் கோளாறு என்று பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பையன் கடை வைஃபையில் போட்டுக் காட்டினான், கண்ணாடி மாதிரி ஓடியது. காசும் வாங்கவில்லை. ஹொட்லைனில் மூன்று முறை பேசிவிட்டேன், மூன்று முறையும் போனை அணைத்துப் போடச் சொன்னார்கள். தேருக்கு இன்னும் ஆறு நாள்தான். என்னதான் நடக்கிறது?

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

அக்கா, உங்கள் போனில் பிழை இல்லை. வீடியோவை மட்டும் பிடித்து வைத்திருக்கிறார்கள் போல.

இது பழைய விளையாட்டு. அமெரிக்காவில் டி-மொபைல் என்ற போன் நிறுவனம் 2015 நவம்பரில் 'பின்ஜ் ஒன்' என்று ஒன்று தொடங்கியது: குறிப்பிட்ட தளங்களின் வீடியோவுக்கு டேட்டா கழியாது, ஆனால் 480 தரத்தில்தான் வரும். 2016 ஜனவரியில் இணைய உரிமைகளுக்காகப் பேசும் இஎஃப்எஃப் அமைப்பு சோதித்துப் பார்த்தபோது, அந்தத் திட்டத்தில் சேராத தளங்களின் வீடியோவும் சுமார் 1.5 எம்பிபிஎஸ்-இல் நின்றது. அதாவது இலவசமும் இல்லை, வேகமும் இல்லை. அங்கேயே இன்னொரு நிறுவனமான வெரைசன் 2017-இல் அன்லிமிடெட் பெக்கேஜை இரண்டாகப் பிரித்து, மலிவானதில் போனுக்கு 480, விலை கூடியதில் 720 என்று வைத்தது.

வேலை செய்யும் விதம் சுலபம். வீடியோ குறியாக்கம் செய்யப்பட்டே வருகிறது, உள்ளே என்ன என்று நிறுவனத்துக்குத் தெரியாது. ஆனால் இணைப்பு தொடங்கும்போது எந்த சேர்வருக்குப் போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் திறந்தபடிதான் போகும். யூடியூப் என்றால் 'கூகிள்வீடியோ' என்று ஒரு பெயர். அதைக் கண்டதும் அந்த இணைப்பை 1.5-க்கு இறுக்கினால் போதும். மற்றதை யூடியூப்பே பார்த்துக்கொள்ளும்: லைன் மெலிவு என்று நினைத்துத் தரத்தைத் தானே இறக்கிவிடும். ஸ்பீட் டெஸ்ட் சேர்வரின் பெயர் வேறு, அதனால் அது 40 காட்டும்.

சோதிக்க வேண்டுமா? ஃபாஸ்ட் டொட் கொம் திறந்து பாருங்கள், அது நெட்ஃபிளிக்ஸின் சொந்த சேர்வரிலிருந்து அளக்கிறது. அப்புறம் விபிஎன் (எந்த சேர்வருக்குப் போகிறோம் என்பதை நிறுவனத்திடம் மறைக்கிற செயலி) போட்டு அதே வீடியோவை ஓட்டுங்கள். விபிஎன் போட்டால் வழக்கமாக வேகம் குறையத்தான் வேண்டும். கூடினால் சந்தேகமே இல்லை.

பழைய_டவர்காரன் எழுதியது:

தம்பி சொன்னது சரி, ஆனால் மறுபக்கத்தையும் கொஞ்சம் கேளுங்கள். நான் பதினொரு வருடம் போன் டவர்களின் ரேடியோ பக்கம் வேலை செய்தவன். 20 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசை அகலமுள்ள ஒரு 4ஜி செக்டர் (டவர் ஒரு திசைக்குக் கொடுக்கிற பங்கு), சாதாரண இரண்டு அன்டெனா அமைப்பில், கடதாசியில் 150 எம்பிபிஎஸ். நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலே சந்தோஷம். அதைக் காலி வீதியின் ஒரு துண்டு முழுக்கப் பங்கு போட வேண்டும். இரவு எட்டு மணிக்கு நாலு பேர் 4கே பார்த்தால் பக்கத்து பிளாட்டில் வட்ஸ்அப் கோல் விட்டுவிட்டுத்தான் கேட்கும். கையளவு போனில் 480-க்கும் 1080-க்கும் எத்தனை பேருக்கு வித்தியாசம் தெரியும்?

தங்கச்சி, உங்கள் சிக்கல் டிவி. அதுவும் தேர்த் திருவிழா மாதிரி ஆயிரம் தலை அசைகிற காட்சிக்கு டேட்டா நிறைய வேண்டும். செய்தி வாசிப்பவர் 480-இல் நன்றாகத்தான் தெரிவார். நெரிசலா கட்டுப்பாடா என்று அறிய விடிகாலை ஐந்து மணிக்கு ஒருமுறை சோதியுங்கள். அந்த நேரம் டவர் காலியாக இருக்கும்.

மரீன்டிரைவ் எழுதியது:

இன்று ஐந்து மணிக்கே எழுந்து பார்த்தேன், பால்காரர்கூட வரவில்லை. சாதாரண ஸ்பீட் டெஸ்ட் 52. ஃபாஸ்ட் டொட் கொம் 1.4. விபிஎன் போட்டதும் யூடியூப் 1080-இல் ஒரு தடவையும் நிற்காமல் ஓடியது. டவர் அண்ணா, அந்த நேரத்தில் என்ன நெரிசல்?

பிறகு பெக்கேஜின் நிபந்தனைகளை முதல் முறையாக முழுதாக வாசித்தேன். ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில், வீடியோவின் தரம் 'உகந்ததாக்கப்படலாம்' என்று ஒரு வரி. யாருக்கு உகந்தது என்று போடவில்லை. போஸ்டரில் மட்டும் 'அன்லிமிடெட்' என் கை அகலத்துக்கு இருக்கிறது. இறுக்குவதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை அண்ணா, நீங்கள் சொல்கிற காரணம் விளங்குகிறது. காசு வாங்கும்போதே '480 வரைதான்' என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு வரி போட்டிருந்தால் நான் வேறு பெக்கேஜ் எடுத்திருப்பேன். மூன்று முறை போனை அணைத்துப் போட்டிருக்கவும் மாட்டேன்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

அந்த மூன்று எண்களையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து, நிபந்தனை வரியையும் சேர்த்து முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுங்கள். பதில் சரியில்லை என்றால் தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கு. தேருக்கு மட்டும் இத்தனை ஜிபி என்று அளவு போட்ட டேட்டா கார்ட் ஒன்று போடுங்கள், அதில் இந்தக் கட்டு இருக்கிறதா என்று முதலே சின்னதாகப் போட்டுச் சோதித்துவிட்டு. 1080-க்கு 5 எம்பிபிஎஸ் என்று வைத்தால் மணிக்கு 2.25 ஜிபி. மூன்று மணித்தியாலத்துக்கு 7 ஜிபி காணும். இலவச விபிஎன்னை நம்ப வேண்டாம், பாதியில் கையை விடும்.

மரீன்டிரைவ் எழுதியது:

தேர் முடிந்தது. வேறு சிம்மில் 10 ஜிபி போட்டேன், 6.3 போனது. சண்முகரின் மாலையில் பூ எண்ணுகிற அளவுக்குத் துலக்கம். முறைப்பாட்டுக் கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை, வந்தால் இங்கே போடுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது கமராக்காரர் மேல் கோபம். சுவாமியை விட்டுவிட்டு ட்ரோனையே காட்டிக்கொண்டிருந்தாராம்.