‘டாங்க்’ என்றால் குளமா, தாங்கியா? சொல் எங்கிருந்து வந்தது?

படுவான்கரை:
ஓர் அறிவித்தலில் ‘டாங்க் பண்ட்’ என்பதைத் ‘தாங்கிக் கட்டு’ என்று தமிழாக்கியிருக்கிறார்கள். குளக்கட்டு என்ற சொல் மட்டக்களப்பில் யாருக்குத் தெரியாது? இதில் வேடிக்கை, ஆங்கிலத்துக்கு அந்தச் சொல்லைக் கொடுத்ததே தமிழ்தான். தாங்கு, தாங்கி, தாங்கல். தமிழ்நாட்டில் தாங்கல் என்றால் ஏரி; பழவந்தாங்கல், வேடந்தாங்கல் என்று ஊர்ப்பெயரே இருக்கு. அதன் வாலை வெட்டினால் ‘டாங்க்’.

கல்லடிப்பாலம்:
தாங்கல் நல்ல தமிழ்ச் சொல், அதில் சண்டையில்லை. ஒலி ஒத்துப்போனால் உறவு என்று முடிவு கட்டுவதுதான் பிழை. யார், எங்கே, எப்போது கடன் வாங்கினார்கள் என்று பார்க்க வேணும். ஆங்கிலேயர் இதை எழுதத் தொடங்கியது 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். 1613இல் சூரத்தில் பண்டகசாலை போட்டார்கள். அந்தப் பக்கத்துக் குஜராத்தியிலும் மராத்தியிலும் மழைநீர் சேர்க்கும் தொட்டிக்கு ‘டாங்க்’ என்றே தொடங்கும் சொற்கள் இருக்கு. முதல் எழுத்து நா மடிகிற ‘ட’. தாங்கலில் இருப்பது பல்லில் படுகிற ‘த’.

இறக்காமத்தான்:
சூரத்துக்கு ஏன் போறீங்க? 1498இல் வாஸ்கோ ட காமாவோடு கோழிக்கோட்டில் இறங்கியவர்களின் பயணக் குறிப்பிலேயே அங்கு பார்த்த பெரிய குளத்துக்குத் ‘தாங்க்கே’ என்று எழுதியாச்சு. வந்து இறங்கின கையோடு குஜராத்தி படித்தார்களா? ஊரிலிருந்து கொண்டுவந்த சொல் அது. லத்தீனில் ‘ஸ்தாக்னும்’, தேங்கிய நீர். ஆங்கில ‘ஸ்டாக்னன்ட்’டும் அந்த வயிற்றுப் பிள்ளைதான். நம்முடைய அலுமாரி, மேசை, சாவி எல்லாம் வந்த அதே கப்பல்.

கல்லடிப்பாலம்:
நானா, 1498 பலமான சான்றுதான், மறுக்கவில்லை. ஆனால் அகராதிகள் இரண்டு வேரையும் சேர்த்தே தருகின்றன: மேற்கிந்தியச் சொல் முதலில், போர்த்துக்கேயம் அதன் மேல் பூசினது.

படுவான்கரை:
அப்ப ‘யுத்த தாங்கி’ எதைத் தாங்குது?

கல்லடிப்பாலம்:
ஒன்றையும் தாங்கவில்லை. அது ஒரு பொய்யின் மொழிபெயர்ப்பு. 1915இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் அந்த வண்டியை இரகசியமாகச் செய்தபோது, தண்ணீர் கொண்டுபோகும் கலம் என்று வெளியே கதை விட்டார்கள். அந்த மறைப்புப் பெயர்தான் ‘டாங்க்’. 1916 செப்டெம்பர் 15, முதலாம் உலகப் போரில் பிரான்சின் சோம் போர்க்களத்தில் இறங்கிய பிறகும் பெயர் போகவில்லை.

வாய்க்கால்:
வேர் எதுவாகவும் இருக்கட்டும், மொழிபெயர்க்கிறவர் முதலில் பார்க்க வேண்டியது அளவை. ஏக்கர் அடி என்றிருந்தால் குளம், லீற்றர் என்றிருந்தால் தாங்கி. ஒரு ஏக்கர் அடி என்பது ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரத் தண்ணீர்: 43,560 கன அடி, கிட்டத்தட்ட 1,233 கன மீற்றர். கூரையில் வைக்கிற ஆயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி 1,233 வேணும். அடுத்தது பக்கத்துச் சொல். ‘பண்ட்’ வந்தால் குளக்கட்டு, ‘ஸ்லூஸ்’ வந்தால் துருசு, அதாவது வாய்க்காலுக்கு நீர் விடும் மதகு; ‘ஸ்பில்’ வந்தால் வான், மேலதிக நீர் வழிகிற இடம். ‘டெட் ஸ்டோரேஜ்’ துருசின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கிற நீர். அது தானாக வாய்க்காலுக்கு ஏறாது, ஆகவே வேளாண்மைக்குக் கணக்கிடும்போது மொத்தக் கொள்ளளவிலிருந்து அதைக் கழிக்க வேணும். இதைத் தெரியாமல் மொத்தத்தைப் போட்டால் எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்ற கணக்கே பிழைக்கும்.

‘செப்டிக் டாங்க்’ குளமுமில்லை, தாங்கியுமில்லை, மலக்குழி.

இறக்காமத்தான்:
‘திங்க் டாங்க்’?

வாய்க்கால்:
சிந்தனைக் குழாம். அதைச் சிந்தனைக் குளம் ஆக்கிவிடாதீங்க, நானா.

படுவான்கரை:
தாங்கலை நான் விடமாட்டேன், அது வேற கதை. ஆனால் அந்த அறிவித்தலுக்குத் திருத்தம் எழுதுகிறவர் கட்டோடு நிற்க வேண்டாம். அடுத்த வரியில் ‘டாங்க் ஸ்பில்லிங்’ என்பதைத் ‘தாங்கிக் கசிவு’ என்று போட்டிருக்கு. குளம் நிரம்பி மேலதிக நீர் அதற்கென்று கட்டிய வழியால் போனால் அது வான் பாய்தல். கசிவு என்றால் கட்டு ஓட்டை. மாரி மழைக்குள் இதை வாசிக்கிற குளத்துக்குக் கீழே உள்ள வயற்கண்டத்துச் சனம் கட்டு உடையப் போகுது என்று பிள்ளை குட்டியோடு வெளிக்கிட்டுவிடும்.