ஹேஸ், ஹேவ், கோயம்பேடு: என் வகுப்பு அனுபவம்

வெளிநாட்டில் படிக்க, வேலை பார்க்கப் போகிறவர்கள் எழுதும் ஐயெல்ட்ஸ் தேர்வுக்கு ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். அகாடமிக் எழுத்துத் தேர்வின் முதல் கேள்வியில் சில சமயம் ஒரே ஊரின் இரண்டு வரைபடங்கள் வரும், அன்றைக்கு ஒன்று, இன்றைக்கு ஒன்று. என்னவெல்லாம் மாறியிருக்கிறது என்று 150 வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். ஹேஸ், ஹேவ் போட்டு எழுதும் பிரசன்ட் பெர்ஃபெக்ட் கைவசம் இல்லாவிட்டால் இதில் நகரவே முடியாது.

பார்த்தேயிராத ஏதோ ஒரு தீவைப் பற்றி எழுதச் சொன்னால் மாணவர்களுக்குப் பேனா ஓடுவதில்லை. அதனால் நான் கோயம்பேட்டை எடுத்துக்கொள்கிறேன். கொத்தவால்சாவடியிலிருந்து மொத்தக் காய்கறிச் சந்தை அங்கே வந்தது 1996இல். வெளியூர் பஸ் நிலையம் 2002இல், மெட்ரோ 2015இல். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்தபின் தென்மாவட்ட பஸ்கள் பெரும்பாலும் அங்கே போய்விட்டன. மாற்றத்தைப் பற்றி எழுத இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

இங்கிலாந்தில் நர்ஸ் வேலைக்குத் தயாராகிக்கொண்டிருந்த ஒரு பெண் கடகடவென்று எழுதினார்: "தி மெட்ரோ ஹேஸ் கம் இன் 2015." வட்டம் போட்டேன். "ஏன் சார், மெட்ரோ 2015லயே வந்திருக்குன்னு நாம சொல்றோமே?" என்று கேட்டார்.

அருமையான கேள்வி. தமிழில் 'வந்திருக்கிறது' பக்கத்தில் வருஷமோ நேற்றோ வந்தால் இடிக்காது. 'அவர் நேற்றே வந்திருக்கிறார்' என்று தாராளமாகச் சொல்கிறோம். ஆங்கிலம் இதற்கு இடம் கொடுக்காது. முடிந்துபோன ஒரு காலத்தைக் குறிப்பிட்டுவிட்டால் 'கேம்', 'ஓபன்ட்' என்று சாதாரண இறந்தகாலம்தான். ஹேஸ், ஹேவ் வேண்டுமென்றால் பேச்சு இன்றைக்கு வரை வர வேண்டும்.

அவரையே திருத்தச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு இரண்டு வாக்கியமாகப் பிரித்தார்: "தி மெட்ரோ ஓபன்ட் இன் 2015. சின்ஸ் தென், தி ஏரியா ஹேஸ் சேஞ்ச்ட் எ லாட்." எனக்கு அவ்வளவு சந்தோஷம். வருஷம் ஒரு வாக்கியத்தில், இன்றைய நிலை அடுத்ததில். இந்த ஜோடியைப் பழகிக்கொண்டாலே பாதிக் கட்டுரை எழுதிவிடலாம் என்பது என் எண்ணம்.

அடுத்து வாடகை. 'பத்து வருஷமா ஏறிட்டே இருக்கு' என்பதை அநேகமாக எல்லாருமே "இஸ் ரைசிங் சின்ஸ் டென் இயர்ஸ்" என்று எழுதுகிறார்கள். தமிழில் அது நிகழ்காலம், அதனால் 'இஸ்' தானாக வந்து விழுகிறது. "ரென்ட்ஸ் ஹேவ் பீன் ரைசிங் ஃபார் டென் இயர்ஸ்" என்பதுதான் சரி. எவ்வளவு காலம் என்றால் ஃபார், எப்போதிலிருந்து என்றால் சின்ஸ்.

ஒரு விஷயத்தில் தமிழ் நன்றாகவே கைகொடுக்கிறது. தானாக வளர்ந்திருந்தால் 'ஹேஸ் க்ரோன்', யாரோ கட்டியதென்றால் 'ஹேஸ் பீன் பில்ட்'. வளர்ந்திருக்கிறது, கட்டப்பட்டிருக்கிறது என்று தமிழில் முதலில் சொல்லிப் பார்த்தால் அந்த 'பீன்' எங்கே வரும் என்பது பெரும்பாலும் தெரிந்துவிடும்.

அப்புறம், தேர்வில் பேனாவை எடுப்பதற்கு முன் வரைபடங்களுக்குக் கீழே உள்ள வருஷத்தைப் பாருங்கள். 1990, 2010 என்று இரண்டுமே பழைய வருஷங்களாக இருந்தால் அங்கே ஹேஸ், ஹேவுக்கு வேலையில்லை. இரண்டாவது படத்தில் 'இன்று' என்றிருந்தால் தைரியமாக எழுதலாம்.