அவசரம்: பல்சர், ஸ்பிளெண்டர், டிஸ்கவர் – எது எடுக்கலாம்?

பூவரசு
வணக்கம். பைக் ஒண்டு எடுக்கோணும், செக்கண்ட் ஹாண்ட் எண்டாலும் பரவாயில்லை. மைலேஜ் வேணும், அடிக்கடி கரேஜுக்குப் போகக்கூடாது. பல்சர் 150, ஸ்பிளெண்டர், டிஸ்கவர் 125 மூண்டுக்குள்ள எது நல்லம்? சனிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் குடுக்கோணும். கெதியாச் சொல்லுங்கோ.

மட்டுவில்_கத்தரி
காசு எவ்வளவு? நாளுக்கு எத்தினை கிலோமீற்றர்? எந்தப் பாதை? பின்னுக்கு ஆள் ஏறுமோ? உதெல்லாம் தெரியாமல் என்னெண்டு சொல்லுறது?

சோளகம்
கண்ணை மூடிக்கொண்டு பல்சர் எடுங்கோ. பாரமான பைக், காத்துக்கு அசையாது. 15 லீற்றர் டாங்க், சும்மா சும்மா பெற்றோல் செட்டுக்கு ஓடத் தேவையில்லை.

கறள்பகை
உந்தக் கேள்வி மாதத்துக்கு நாலு தரம் வருது, ஒருத்தரும் பழசைத் தேடி வாசிக்கிறதில்லை. பைக்கின்ர பேரைச் சொல்லி “எது நல்லம்” எண்டு கேக்கிறது, மருந்தின்ர பேரைச் சொல்லி “எது நல்லம்” எண்டு கேக்கிற மாதிரி. வருத்தத்தை முதல்ல சொல்லோணும். எங்க ஓடப்போறியள்?

பூவரசு
யாழ்ப்பாணம் நல்லூரிலயிருந்து புங்குடுதீவு, பள்ளிக்கூட நாளில. ஒரு வழி 30 கி.மீ. வரும். ஒரு ஆள்தான். கையில 4 இலட்சம்.

கறள்பகை
இப்பதான் கேள்வி கேள்வியா இருக்குது. உங்கட பிரச்சினை சிசி இல்லை, உப்பு. கடலுக்குக் குறுக்கால போற பண்ணைத் தாம்போதி ஒண்டு, வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் நடுவில இன்னொண்டு. போக வர நாலு தரம் கடல் காத்துக்குள்ளால ஓடுறியள். அந்த ஈரம் செயினிலயும் வயர் சொக்கற்றிலயும் சைலன்சரின்ர அடியிலயும் போய் இருக்கும். பல்சரின்ர செயினுக்கு மேல்மூடி மட்டும்தான். ஸ்பிளெண்டருக்கு முழுக் கவர், அதுக்குள்ள செயின் கூடக் காலம் நிண்டு பிடிக்கும்.

பெற்றோலையும் பாருங்கோ. கிழமைக்கு 300 கி.மீ. லீற்றருக்கு 60 ஓடினால் 5 லீற்றர், 40 ஓடினால் ஏழரை. 2022 இல பெற்றோல் தட்டுப்பாட்டுக்குக் கியூஆர் பங்கீடு வந்தநேரம் மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர்தான் தந்தது. அப்ப 100 சிசி வச்சிருந்தவைக்கே உந்தப் பாதை முழுக் கிழமைக்குக் காணாது.

சோளகம்
112 கிலோ ஸ்பிளெண்டரை வைகாசி, ஆனியில தாம்போதியில ஓடச் சொல்லுறியளோ? காத்து அப்பிடியே ஓரத்துக்குத் தள்ளும்.

கறள்பகை
தள்ளும், ஓம். அதுக்கு 40இல ஓடோணும், பின்னுக்குப் பெட்டி பூட்டக்கூடாது, ரயர் காத்துச் சரியா இருக்கோணும். பாரமான பைக்கை வாங்கிப்போட்டு 70இல போறவைதான் கூடுதலா விழுகினம்.

சோளகம்
செயினைக் கவனிச்சால் பல்சரும் ஓடும். கிழமைக்கு ஒருக்கா வேஸ்ட் ஒயில் விட்டால் காணும்.

ரயர்க்கடை
வேஸ்ட் ஒயில் விடாதேங்கோ. அதுக்குள்ள கரியும் இரும்புத்தூளும் கிடக்குது. தீவுப்பக்கத்து மணலும் சேர்ந்தால் செயினுக்கு அரம் போட்ட மாதிரி. மண்ணெண்ணெயும் பழைய பல்லு பிறசும் எடுத்துக் கழுவி, துணியால துடைச்சு, காயவிட்டு, 90 ஆம் நம்பர் கியர் ஒயில் உள்பக்கத்தால சொட்டுச் சொட்டா விடுங்கோ. அஞ்சு நிமிசத்தால மிச்சத்தைத் துடைக்கோணும். செயின் ஆட்டம் 20–30 மி.மீ. இருக்கட்டும்.

இன்னொரு விசயம். தீவுக் கிணத்துத் தண்ணியால பைக் கழுவாதேங்கோ. கனக்க இடத்தில உவர்த் தண்ணி, உப்புக்கு மேல உப்பு. வீட்டை வந்து நல்ல தண்ணியில கழுவுங்கோ.

சோளகம்
எத்தினையோ பேர் வேஸ்ட் ஒயில் விட்டுத்தான் ஓடுகினம்.

ரயர்க்கடை
அவை எத்தினை மாதத்துக்கு ஒருக்கா செயின் செற் மாத்தீனம் எண்டும் கேளுங்கோ.

பூவரசு
சொல்ல மறந்திட்டன். ஓடுறது அக்கா. சாறியோடதான் பள்ளிக்கூடம் போறவா. கியர் பைக் ஓடிப் பழக்கமில்லை.

மட்டுவில்_கத்தரி
அப்ப மேல சொன்ன மூண்டு பைக்கையும் விடுங்கோ தம்பி. அக்காவுக்கு ஸ்கூட்டிதான். செயின் இல்லை, சாறி சிக்காது, பையைக் காலடியில வைக்கலாம்.

முதல்ல லைசன்ஸைப் பாருங்கோ. ஏ1 மட்டும் இருந்தால் 100 சிசிக்கு மேல ஓடேலாது. டியோ, வீகோ, ஜூபிட்டர் எல்லாம் 110 சிசி, அதுக்கு ஏ வேணும். ஏ1 தான் எண்டால் ஸ்கூட்டி பெப், 87.8 சிசி. ஆனால் நாளுக்கு 60 கி.மீ. அதில ஓடுறது களைப்பு. ஏ எடுக்கிறதுதான் நல்லம்.

கறள்பகை
ஓடுற ஆள் ஆரெண்டு முதல் வரியில எழுதியிருந்தால் இவ்வளவும் மிச்சம். சரி. டியோவின்ர பொடி (வெளிக்கூடு) பிளாஸ்ரிக், உப்புக்கு நல்லம். ஆனால் 2020க்கு முந்தினதுக்கு ரெண்டு சில்லும் 10 அங்குலம், குழியில இடிக்கும். வீகோவுக்கு 12 அங்குலச் சில்லு, ஓட்டம் வடிவு, பொடி தகடு. இந்தப் பாதைக்கு நான் டியோவைத்தான் சொல்லுவன். டாங்க் 5.3 லீற்றர், லீற்றருக்கு 45 எண்டு வச்சால் மூண்டு நாள் தாராளமா வரும். பண்ணைத் தாம்போதி ஏற முதல் பெற்றோல் மீற்றரைப் பார்க்கச் சொல்லுங்கோ. ரயர் காத்து முன்னுக்கு 22 பிஎஸ்ஐ, பின்னுக்கு 29.

எஞ்சின் ஒயில் மாத்தேக்க பின்சில்லுக் கியர் ஒயிலையும் கேளுங்கோ, 120 மில்லிதான். கனபேர் அதை மறந்துபோகினம். பெல்ட் 24,000 கி.மீ. வரைக்கும்தான். அக்காவின்ர ஓட்டத்துக்கு ரெண்டு வருசமளவில வந்திடும்.

மட்டுவில்_கத்தரி
பார்க்கப் போகேக்க:
காலமை போங்கோ, எஞ்சின் குளிரா இருக்கோணும். தொட்டுப் பார்த்துச் சூடெண்டால் உங்களுக்கு முதலே ஸ்ரார்ட் பண்ணி வச்சிருக்கினம். போனில ரோச் அடிச்சு, கால் வைக்கிற தட்டின்ர அடியில பிறேமைப் பாருங்கோ, சைலன்சரின்ர அடியையும் பாருங்கோ. மேல் பொடி பிளாஸ்ரிக் எண்டபடியால் வெளியால பளபளக்கும், கறள் அடியிலதான் கிடக்கும். பற்றரி முனை பச்சை பூத்திருந்தால் வயர்களையும் தடவிப் பாருங்கோ. வெளிக்கிடேக்க 10–20 வேகத்தில நடுங்கினால் கிளச் சூ முடிஞ்சுது. முன் பிறேக்கைப் பிடிச்சுக்கொண்டு முன்னுக்குப் பின்னுக்கு ஆட்டுங்கோ, “டக் டக்” எண்டால் புஸ் தேய்ஞ்சிட்டுது.

ரயரின்ர பக்கத்தில நாலு இலக்கம் இருக்கும். 2319 எண்டால் 2019 இல 23 ஆம் கிழமை செய்தது. இலங்கைக்கு வாகன இறக்குமதி 2020 இல நிண்டு 2025 இலதான் திறந்தது. 4 இலட்சத்துக்குள்ள வாறது கூடுதலா 2020க்கு முந்தினதுதான். மீற்றர் 9,000 எண்டு காட்டினால் நம்பாதேங்கோ.

ரயர்க்கடை
தீவில ஓடின ஸ்கூட்டி வேண்டாம். ஓப்பின் பேப்பரும் (வாங்குறவரின்ர பேர் எழுதாமல் கையெழுத்து மட்டும் வச்ச பேப்பர்) வேண்டாம். பதிவுப் புத்தகத்தில பேர் இருக்கிற ஆளே வந்து கையெழுத்து வைக்கோணும். லீசிங் கொம்பனியின்ர பேர் கிடந்தால் அது வெட்டின பிறகுதான் காசு. 4 இலட்சத்தையும் ஸ்கூட்டிக்கே குடுக்காமல் ஒரு 40,000 கையில வையுங்கோ, ரயரும் பெல்ட்டும் பற்றரியும் ஒண்டா வரும்.

சோளகம்
அக்காவுக்கு எண்டால் நானும் டியோதான் சொல்லுவன். ஆடி முடியும்வரைக்கும் தாம்போதியில பஸ்ஸை முந்த வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. மறைப்பு விட்டு வெளியால வரேக்கதான் காத்து ஒரேயடியா அடிக்கும்.

பூவரசு
அக்காவிட்ட ஏ இருக்குது. அட்வான்ஸ் குடுக்க இருந்த டியோவைக் காலமை போய்ப் பாத்தம். ரோச் அடிக்க அடியில பிறேம் முழுக்கக் கறள், விரல் வைக்கச் செதில் செதிலாக் கழண்டுது. எடுக்கேல்லை. கோண்டாவிலில ஒண்டு இருக்காம், புத்தகக்காரரும் அங்கதான். ஞாயிறு போறம். நன்றி எல்லாருக்கும்.